சிலிர்க்காத கிடா

பூமயில் வாயைக் கொடுத்தது போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகையில்.

அந்த வருடம் சிக்கல் ஊருக்குத் தெற்கே மழை குறை வைக்காமல் பெய்தது. ஊருணி நிறைந்து, கண்மாய் நிறைந்து, எப்போதும் பொட்டலாகக் கிடக்கும் தரிசுகூட முழங்கால் உயரத்துக்குப் பச்சை கட்டியது. ஆடுகள் தலை நிமிராமல் மேய்ந்தன. மூன்றாவது வாரம் ஒரு பெட்டை ஆட்டின் தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை போல ஒரு வீக்கம் தொங்கியது. மறுநாள் இன்னும் நாலுக்கு. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய சதை, ஊறப்போட்ட அவல் மாதிரி வெளுத்திருந்தது. பூச்சி மருந்தை வாங்கி வந்து ஒவ்வொன்றின் வாயிலும் ஊற்றினாள். மருந்தைக் குடித்த ஆடும் செத்தது, குடிக்காமல் துப்பிய ஆடும் செத்தது. நாற்பத்தாறு உருப்படி இருந்த பட்டியில் பதின்மூன்று போய்விட்டன.

பதினான்காவது ஆட்டைக் குழிக்கு இழுத்துப் போகிற வழியில் ஊருணிக்கரைக் கருப்பு நின்றது. பூமயில் கயிற்றை அப்படியே போட்டுவிட்டுச் சாமிக்கு முன்னால் போய் நின்றாள்.

"மிச்சத்தையாவது விட்டுவையி கருப்பா. மிஞ்சுறதுல எது நல்ல கிடாவோ அத உனக்கே தாரேன்."

மனதுக்குள் சொல்லியிருந்தால் அது அவளுக்கும் கருப்புக்கும் மட்டும் தெரிந்திருக்கும். அவள் கத்திச் சொன்னாள். தண்ணீர் எடுக்க வந்த மூன்று பெண்கள் கேட்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஊரே கேட்டுவிட்டது.

நாலைந்து நாளில் மழை விட்டது, வெயில் அடித்தது, சாவு நின்றது. எது எதனால் நின்றது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த மாசியில் பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்து தீட்டாகிவிட்டதால் கோயிலில் களரித் திருவிழா நடக்கவில்லை. நேர்ச்சை அடுத்த மாசிக்குத் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில்தான் சிநேகா வந்தாள்.

தேவிபட்டினத்துப் பெண். ஆடு மாடுகளுக்குப் படிக்கிற ஏதோ பெரிய படிப்பின் கடைசி வருடம். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, கையில் உறை மாட்டி, ஒவ்வொரு ஆட்டின் பின்னாலும் போய் விரலைவிட்டுப் புழுக்கையை எடுத்துச் சின்னச் சின்னக் கவரில் போட்டுக்கொண்டாள். வேடிக்கை பார்க்க ஊர் கூடியது.

"கடல்ல மீன் பிடிக்கிற வீட்டுப் புள்ள, எங்கூர்ல வந்து புழுக்கை பிடிக்குது பாரு" என்றான் வீரமணி. பூமயிலின் கணவன் சின்னச்சாமிக்கு இளைய பங்காளி. களரியில் கிடா வெட்டும் அரிவாள் அவன் வீட்டில்தான் இருந்தது.

"மீன் வழுக்கும்ணே. இது வழுக்காது" என்றாள் சிநேகா, தலையைத் தூக்காமல்.

அன்றைக்கே பூமயிலுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

எல்லா ஆட்டின் காதிலும் மஞ்சள் பிளாஸ்டிக் தோடு ஏறியது. தோட்டில் எண். மாதத்துக்கு ஒரு முறை சிநேகா வந்தாள். புழுக்கையைக் கொண்டுபோய் நுண்ணோக்கியில் வைத்து, ஒரு கிராமுக்கு எத்தனை புழு முட்டை என்று எண்ணி எழுதினாள். அடுத்த முறை வரும்போது அந்தத் தாளைப் பூமயிலுக்குப் படித்துக் காட்டினாள்.

பட்டியில் சினைக்கு விடும் பொலிக் கிடா இரண்டுதான். பதினேழாம் எண், பூமயில் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து இந்தப் பட்டியிலேயே பெருகிய வழியில் பிறந்தது. நாட்டு வெள்ளை. வயிற்றில் கைப்பிடி அளவு கருப்புத் திட்டு, முறுக்கிக்கொண்ட கொம்பு, நடுத்தரமான உடம்பு. இரண்டாவது முப்பத்தொன்று. சாவுக்குப் பிறகு பட்டியை நிரப்ப வேண்டும் என்று சின்னச்சாமி வெளியூர்ச் சந்தையில் பிடித்து வந்தது. இந்த மண்ணின் ஆடு இல்லை. பதினேழைவிட ஒரு சாண் உயரம், அகலமான நெற்றி. நடந்து வந்தால் வழியில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

"முப்பத்தொன்னுக்கு நாலாயிரம்க்கா" என்று அடுத்த மழைக்குப் பிறகு சிநேகா படித்தாள். "மருந்து குடுத்து ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுத்தேன். அப்பவும் மூவாயிரம். இந்தப் புழுவுக்கு இப்பல்லாம் மருந்து பழகிப்போச்சு."

"பதினேழு?"

"அறுபது. போன மாசம் நாப்பது. நான் எண்ண ஆரம்பிச்சதுலருந்து நூறத் தாண்டவே இல்ல. இத்தனைக்கும் இதுக்கு நீங்க மருந்தே குடுக்கல."

"அப்ப இது பூச்சி இல்லாத எடத்துல மேயுதா?"

"எல்லாம் ஒரே புல்லத்தான மேயுது. புல்லு நுனியில இருக்குற புழுக்குஞ்சு இதுக்குள்ளயும்தான் போகுது. போயி வயித்துல ஒட்ட முடியல. ஒடம்பே வெரட்டி விட்டுருது."

பூமயில் யோசித்தாள். "வந்த விருந்தாளிக்கு எல போடாதுன்னு சொல்லு."

சிநேகா சிரித்துவிட்டாள். "அதேதான். அதோட குட்டிகளும் அப்படித்தான்க்கா. பதினோரு குட்டியில பத்து, எல போடாத சாதி."

அந்த இரண்டாவது மழையில் பூமயிலின் பட்டியில் சாவு மூன்றோடு நின்றது. பக்கத்துப் பட்டிகளில் பத்தும் பதினைந்தும் விழுந்தன. அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. போன தடவை மிஞ்சிய ஆடுகளில் பாதி, பதினேழின் அப்பன் வழி. அவை மருந்தால் பிழைக்கவில்லை. பிழைக்கும்படியாகவே பிறந்திருந்தன. ஒரு நாள் மத்தியானம் உடைமர நிழலில் பதினேழு கண்ணை மூடி அசைபோடுவதை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சின்ன உடம்புக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு சண்டை நடக்கிறது, தினமும் இதுவே ஜெயிக்கிறது, ஜெயித்த சத்தம்கூடக் கேட்பதில்லை.

ஆனால் பதினேழின் ஆறு கிடாக்குட்டிகளையும் சின்னச்சாமி பொங்கலுக்கு முன்னால் வியாபாரியிடம் கொடுத்துவிட்டான். எப்போதும் செய்வதுதான். கிடாக்குட்டியில் எது நன்றாகத் தேறி வருகிறதோ அதுதான் முதலில் வண்டி ஏறும். தேறாதது பட்டியில் நிற்கும். அப்படி நின்றதே பெரும்பாலும் பொலிக் கிடாவாகிவிடும்.

"ஒன்னையாவது வைக்கச் சொன்னேன்ல" என்றாள் சிநேகா.

"வச்சு?" என்றான் சின்னச்சாமி. "அதான் அப்பன் நிக்கிறான்ல, கல்லு மாதிரி."

சிநேகா தன் மேலிடத்துக்கு எழுதினாள். பதினேழை எடுத்துப்போய் நாலைந்து ஊர்ப் பட்டிகளில் சேர்க்கலாம், பிறகு பூமயிலிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒப்புதல் வரப் பங்குனி ஆகும் என்று பதில் வந்தது.

களரி மாசியில்.

*

களரிக்கு எட்டு நாள் இருக்கையில் நாகநாதன் வந்தார். பங்காளிகளில் மூத்தவர், கோயிலில் முதல் மரியாதைக்காரர். பட்டிக்குள் நுழைந்து இரண்டு கிடாக்களையும் சுற்றி வந்தார்.

"எதுத்தா சாமிக்கு?"

பூமயில் ஏழு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ஆனாலும் முதலில் வேறொன்றுதான் வாயில் வந்தது. "மச்சான், காதுல ஓட்ட விழுந்த கிடா சாமிக்கு ஆகுமா? ஊனமுல்ல?"

"தோடு குத்துனா ஊனமா? உனக்குந்தான் குத்தியிருக்கு, மூக்குலயும் சேத்து. ஒன்னய ஒதுக்கியா வச்சிருக்கோம்?"

சின்னச்சாமி சிரித்தான். பூமயில் சிரிக்கவில்லை. கையை நீட்டி முப்பத்தொன்றைக் காட்டினாள்.

"அதான் பெருசு."

நாகநாதன் அதன் முதுகில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "பாக்க அம்சமாத்தான் இருக்கு. ஊருக்கே போதும். இதையே குளிப்பாட்டிக் கொண்டா."

அவர் போன பிறகு சின்னச்சாமி கேட்டான். "அந்தப் புள்ள பதினேழத்தான நல்லதுன்னுச்சு?"

"ஊரு இதத்தான நல்லதுங்குது? நான் என்ன செய்ய?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தண்ணீர் காட்டப் போனான். பொய் சொல்லவில்லை என்று பூமயில் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஊரில் யாரைக் கேட்டாலும் முப்பத்தொன்றைத்தான் கைகாட்டுவார்கள். கிடாவின் உள்ளே இருப்பதை அறிந்தவர்கள் சிநேகாவும் அவளும்தான். மூன்றாவதாக ஒருவர் இருந்தால் அது கருப்பு. அந்த இடத்தில் அவள் நினைப்பு நின்றுவிடும். அங்கிருந்து வேலைக்குத் திரும்பிவிடுவாள்.

கோயிலுக்கு ஒரு தடவை தனியாகவும் போனாள். "சாவு விழுந்தப்ப உன்னயத்தான் கேட்டேன். நீ பதில் சொன்ன. அந்தப் பதிலே பதினேழுதான்னு இப்பத்தான் தெரியுது. குடுத்த பதிலத் திருப்பிக் கேப்பியா?" கருப்பு பிதுங்கிய வெள்ளிக் கண்ணால் அவள் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

*

களரி முடிந்த மறுநாள் காலை கிடா வெட்டு. சிநேகாவைப் பூமயில்தான் கூப்பிட்டிருந்தாள். மஞ்சள் பூசி, மாலை போட்டு, முப்பத்தொன்றை வீட்டிலிருந்து நடத்தி வந்தார்கள். பாதி வழியில் அது இரண்டு முறை நின்றது. "மாப்பிள்ளைக்கு வெக்கம்" என்றான் வீரமணி. கூட்டம் சிரித்தது.

சாமிக்கு எதிரே நிறுத்தினார்கள். தண்ணீர் ஊற்றினால் கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் உத்தரவு. உத்தரவு இல்லாமல் அரிவாள் இறங்காது. பூசாரி சொம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்தார்.

கிடா நின்றது.

முதுகில் ஊற்றினார். தண்ணீர் வழிந்து வயிற்றடியில் சொட்டியது. கிடா நின்றது.

"காதுல விடுங்க பூசாரி" என்று யாரோ சொன்னார்கள். காதில் விட்டார். இரண்டாவது சொம்பு, மூன்றாவது சொம்பு. குலவைக்குத் தயாராக வாயருகே கையைக் கொண்டுபோயிருந்த பெண்கள் கையை இறக்கினார்கள்.

"என்னடா இது, சாமி கோச்சுக்கிட்டா?"

"குளுந்த தண்ணிய ஊத்துங்கப்பா."

"ஐஸ்பெட்டியக் கொண்டாரவா?" என்றான் வீரமணி. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அப்போது கிடா முன்னங்கால் இரண்டையும் மடித்து அப்படியே படுத்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. சாமியே படுக்க வைத்துவிட்டது என்றார்கள்.

சிநேகா பூமயிலின் தோளை ஒட்டி வந்து நின்றாள். "அக்கா, அது சாமியில்லக்கா. ஒடம்புல ரத்தம் இல்ல. இவ்வளவு தூரம் நடந்து வந்ததே அதுக்கு அதிகம். சிலிர்க்கத் தெம்பு இல்ல."

"தெரியும் தாயி."

"சொல்லுங்களேன்."

என்ன சொல்வது? வயிறு நிறையப் புழு இருக்கிற கிடாவை, தெரிந்தே, மஞ்சள் பூசிச் சாமிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன் என்றா?

பூசாரி திரும்பினார். "நேர்ச்சையில குத்தம் இருக்கு. வாய்விட்டவுக யாரு?"

பூமயில் முன்னால் போனாள்.

"என்ன சொல்லி நேந்த?"

"மிஞ்சுறதுல எது நல்ல கிடாவோ அத."

பூசாரி தட்டில் சூடத்தைக் கொளுத்தினார். "இதுல கை வச்சுச் சொல்லு. இதுதான் உன் பட்டியில நல்லது."

சின்னச் சுடர். காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. கையைக் கொண்டுபோக ஒரு நொடி போதும். இதுதான் நல்லது: இரண்டு சொல். அதோடு கிடாவைத் தூக்கி நிறுத்தி, எப்படியோ ஒரு சிலிர்ப்பை வரவழைத்து விடுவார்கள். பங்குனியில் ஒப்புதல் வரும். நாலு ஊர்ப் பட்டியில் பதினேழின் குட்டிகள் பிறக்கும். இத்தனையும் பூமயில் நினைத்தாள். நினைத்துக்கொண்டே கையைத் தட்டுக்கு மேலே கொண்டுபோனாள். பதினான்காவது ஆடு செத்த அன்று இதே இடத்தில் நின்று கத்திய தன் குரல் அவளுக்குக் கேட்டது. அன்று இந்தக் கல் ஒன்றைத் தவிரக் கேட்பதற்கு அவளுக்கு யார் இருந்தார்கள்?

சுடர் உள்ளங்கையில் சுட்டது. எடுத்துக்கொண்டாள்.

"இது இல்ல" என்றாள்.

நாகநாதன் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "அந்தச் சின்னதா?"

அவள் தலையாட்டினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சின்னச்சாமி ஏற்கெனவே பட்டியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான்.

"பாத்தியா, வேலய" என்றார் நாகநாதன் கூட்டத்தைப் பார்த்து. "பெருசக் காட்டிச் சாமியையே ஏச்சிருக்கா. எங்கிட்ட தோட்டுக் கத சொன்னாளே, அப்பவே எனக்கு லேசா இடிச்சுச்சு."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக எல்லோரும் வழியைப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் சின்னச்சாமி வந்தான். கயிற்றை இழுத்துக்கொண்டு பதினேழு அவனுக்கு முன்னால் வந்தது. யாரோ பழகிய ஆளைத் தேடுவது போலக் கூட்டத்துக்குள் தலையை ஆட்டிக்கொண்டு வந்து, பூமயிலின் சேலை முந்தானையை மோந்தது. குளிப்பாட்ட நேரமில்லை. மாலை மட்டும் போட்டார்கள்.

பூசாரி தண்ணீரை ஊற்றக்கூட இல்லை. கையை நனைத்து உதறினார். நாலு துளி முதுகில் விழுந்தது. பதினேழு மூக்கிலிருந்து வால் வரை ஒரே உதறலாக உதறியது. மாலை அறுந்து விழுந்தது. மஞ்சள் தண்ணீர் பூமயிலின் முகத்தில் தெறித்தது.

குலவை எழுந்தது.

*

வீரமணி தொழில் தெரிந்தவன். தொங்கவிட்டு வயிற்றைக் கீறிக் குடலைச் சட்டியில் இறக்கினான். சிநேகா போய்க் கேட்டு, புழு தங்கும் நாலாவது இரைப்பையை வாங்கிக்கொண்டாள். கிணற்றடிக் கல்லில் வைத்து நீளவாக்கில் வெட்டித் திறந்தாள். பூமயில் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே மடிப்பு மடிப்பாக, இளஞ்சிவப்பாக, சின்னப் பிள்ளையின் கழுவிய உள்ளங்கை மாதிரி இருந்தது. கறி வெந்து பந்தி தொடங்கும் வரை சிநேகா தேடி, நூல் போல இரண்டே இரண்டு புழுவை எடுத்துக் குப்பியில் போட்டாள்.

"மத்ததுக்கு எவ்வளவு இருக்கும்?"

"முப்பத்தொன்ன இப்பத் திறந்தா ஆயிரக்கணக்குல இருக்கும்க்கா. செவப்பு நூலு கண்டு மாதிரி."

"சாமிக்கு நல்லது எதுன்னு தெரியாமயா இருக்கும்?" என்று நாகநாதனின் குரல் பந்தியிலிருந்து வந்தது. "தண்ணி படுறதுக்கு முன்னாடி உதறுச்சு பாத்தியளா! கறியும் என்னா ருசி. அந்தப் பெருசுல இது வருமா?"

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கப் பூமயிலால் முடியவில்லை. கருப்பும் சிநேகாவும் ஒரே கிடாவைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒருவர் பெருக்குவதற்கு, ஒருவர் முடிப்பதற்கு.

வீரமணி வந்து மஞ்சள் தோட்டை நீட்டினான். "இந்தா மதினி, உன் கிடாவோட நக. செய்கூலி சேதாரம் இல்ல." அவள் வாங்கிச் சிநேகாவிடம் கொடுத்தாள். சிநேகா நோட்டை விரித்தாள். பதினேழுக்கு நேரே ஏன் இல்லை என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. நோய், விற்பனை, திருட்டு, மற்றவை. அவள் பேனா 'மற்றவை'யில் போய் நின்றது.

"என்னான்னு எழுதப் போற?"

"தெரியலக்கா."

"நல்லதா இருந்துச்சுன்னு எழுது."

சிநேகா அழுதுவிடுவாள் போலிருந்தது. பூமயில் எழுந்துகொண்டாள். தனக்கு வைத்த இலையில் உட்காரவில்லை. உடம்பு சரியில்லை என்றதற்கு, "சாமி குத்தம், ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார் நாகநாதன். அன்பாகத்தான் சொன்னார்.

பங்குனி முதல் வாரத்தில் ஒப்புதல் வந்துவிட்டதாகச் சிநேகா போனில் சொன்னாள். கிடாவின் எண்ணைக் குறிப்பிட்டு, கையெழுத்தும் முத்திரையுமாக வந்திருந்ததாம்.

முப்பத்தொன்றை மருந்து கொடுத்துத் தேற்றினார்கள். மழை இல்லாத காலம், காய்ந்த புல், உடைமரக் காய். அதுவும் தேறிக்கொண்டது. பூமயில் அதைத் தனியாக முளைக்குச்சியில் கட்டி வைத்தாள். உள்ளூர் வழியில் ஒரு பொலிக் கிடா கிடைக்குமா என்று சிக்கல் பக்கமெல்லாம் கேட்டுப் பார்த்தாள். எல்லாப் பட்டியிலும் நல்ல கிடா ஏதோ ஒரு வழியில் போயிருந்தது. சாமிக்கு, சந்தைக்கு, கீழக்கரைக்குப் பெருநாளுக்கு. போகாமல் நின்றவை, யாருக்கும் வேண்டாதவை.

ஆடுகள் பருவத்துக்கு வந்தபோது சின்னச்சாமி முளைக்குச்சியிடம் போனான். "இந்தப் பருவம் தப்புனா குட்டி கெடையாது. அவுத்து விடவா?"

அவள் குனிந்து தண்ணீர்த் தொட்டியைக் கழுவத் தொடங்கினாள். அவன் அவிழ்த்தான். முப்பத்தொன்று அகலமான நெற்றியை ஆட்டிக்கொண்டு, பதினேழின் மகள்கள் நிற்கிற இடத்துக்கு நடந்தது. வழியில் போன ஒருவர் நின்று பார்த்து, "கிடா அம்சமா இருக்கே" என்றார்.

ஐப்பசி பிறந்தது. ஒரு சாயங்காலம் கிழக்கே கடல் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்தது. ஊர்ச் சனம் வாசலுக்கு வந்து அண்ணாந்து நின்றது. நாகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரான் பாரு, வாரான் பாரு" என்று குழந்தையைக் கூப்பிடுவதுபோல மேகத்தைக் கூப்பிட்டார். பூமயில் பட்டிக்குள் நின்றிருந்தாள். சினை ஆடுகள் அவள் காலைச் சுற்றி நெருங்கின. பட்டியிலிருந்து பார்த்தால் கருப்பின் அரிவாள் முனை தெரியும்.

இந்தச் சீமையில் பிறந்த எவரும் கேட்டிருக்காத ஒன்றை, இந்தத் தடவை யாருக்கும் கேட்காமல், வாயை மூடிக்கொண்டு அவள் கேட்டாள்.

பெய்யக் கூடாது.

முதல் துளி அவள் கையில் விழுந்தது.